மண்சட்டிப் பாரம்பரியம் யாருடையது?

செட்டிநாட்டு வீடுகள் ஒவ்வொன்றாக ஓட்டலாகி வருகின்றன. காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் போனால் பார்க்கலாம். பந்திக்கட்டில் விருந்து, முற்றத்தில் கச்சேரி. தூணைப் பிடுங்கிப் பழைய சாமான் கடையில் விற்பதைவிட இது மேல்தான். எனக்கு அதில் சண்டையில்லை. அங்கே சொல்லப்படுகிற கதையில்தான் சண்டை.

நான் போன வீட்டில் சுற்றிக்காட்டிய தம்பி ஒப்பித்தார்: தேக்கு பர்மா, சலவைக்கல் இத்தாலி, தரைக்கல் ஆத்தங்குடி, பூச்சில் முட்டை வெள்ளைக்கரு. சரி, பணம் எங்கேயிருந்து வந்துச்சு தம்பி? “வியாபாரம்ங்க.” வட்டிக்கடை என்று சொன்னால் என்ன? கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 25 பங்கானது. நெல்விலை விழுந்து, கடன் கட்ட முடியாத குடியானவன் இழந்த நிலம் அது. தேக்கின் ஊரைச் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

சாப்பாடு மண்சட்டியில் வந்தது. “எங்க பாரம்பரியம்” என்றார்கள்.

யாருடைய பாரம்பரியம்? 1930 டிசம்பரில், அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில், கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை, செருப்பு கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறெதுவும் புழங்கக் கூடாது. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. நம் பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. ஜே.எச். ஹட்டன் சாதி பற்றிய தன் நூலில் இவற்றைப் பதிந்திருக்கிறார்.

தடை போட்டவர்கள் செட்டியார்கள் அல்ல. ஆனால் அதே சீமை, அதே காலம். இந்த வீடுகளில் சீர்ப் பாத்திரங்கள், பித்தளையும் வெள்ளியும் எனாமலுமாக அறை நிறைய அடுக்கியிருந்தன. சேரியில் ஒரு பித்தளைச் செம்பு வைத்திருப்பதே குற்றம். நம்மேல் சுமத்திய மண்சட்டி இன்று விருந்தாளிக்கு ருசி, விலையும் கூடுதல்.

2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. ஏறட்டும். வீட்டைக் காப்பாற்றுகிறவர்கள் வரலாற்றையும் முழுசாகக் காப்பாற்ற வேண்டும். நான் கேட்பது பெரிய காரியமில்லை. பாத்திரங்களை வைத்திருக்கும் கூடத்தில் அந்த எட்டுத் தடைகளையும் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். சாப்பிட வருகிறவர்கள் படித்துவிட்டுச் சாப்பிடட்டும்.