காந்தியின் அணுகுண்டும் காரணம் சொல்லாத கணினியும்

சிவிலைசேஷன் என்ற கணினி வியூக விளையாட்டைத் தொட்டே பார்க்காதவர்களுக்குக்கூட அதைப் பற்றிய ஒரு கதை தெரிந்திருக்கும். 1991-இல் வந்த முதல் பதிப்பில் காந்தியின் முரட்டுத்தனத்துக்கு ஒன்று என்று மதிப்பெண் போட்டிருந்தார்களாம். இந்தியா ஜனநாயகத்துக்கு மாறியதும் அதில் இரண்டு கழிந்ததாம். பூஜ்யத்துக்குக் கீழே போகத் தெரியாத அந்த எண் ஒரு சுற்றுச் சுற்றி 255-இல் போய் நின்றதாம். அகிம்சைவாதி அணுகுண்டோடு வந்து நின்றாராம். அருமையான கதைதான், ஆனால் நடக்கவில்லை. 2020-இல் வெளிவந்த தன் நினைவுக்குறிப்பு நூலில் விளையாட்டை உருவாக்கிய சிட் மையரே இதை மறுத்துவிட்டார். முதல் பதிப்பில் அணு ஆயுதம் கைக்கு வந்த எல்லாத் தலைவர்களும் ஒரே மிரட்டல் வசனத்தைத்தான் பேசினார்கள். காந்தியின் வாயிலிருந்து வந்தது மட்டும் ஆட்டக்காரர்கள் மனதில் ஒட்டிக்கொண்டது. ஐந்தாம் பதிப்பில் (2010) வடிவமைப்பாளர் ஜான் ஷேஃபர், பத்துக்குள் அடங்க வேண்டிய அணுகுண்டு விருப்ப எண்ணைக் காந்திக்கு மட்டும் வேடிக்கையாகப் பன்னிரண்டு என்று வைத்தார். கதைக்கு உரம் போட்டதுபோல் ஆயிற்று.

கதை பொய் என்பதைவிட, இத்தனை பேர் அதை நம்ப ஆசைப்பட்டார்களே, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எதிராளி ஏன் அப்படி நடந்துகொண்டான் என்று கேட்டால் விளையாட்டு வாயைத் திறக்கவில்லை. ஆட்டக்காரர்கள் தாங்களே ஒரு காரணத்தைச் செய்துகொண்டார்கள். நிரல் பிழையாக இருந்தாலும் பரவாயில்லை, காரணம் என்று ஒன்று இருந்தால் போதும் என்று தோன்றியிருக்கிறது.

நீங்கள் ஒரு டர்ன், அவன் ஒரு டர்ன் என்று மாறி மாறி நகர்த்தும் வியூக விளையாட்டுகளைப் பற்றி இருபது முப்பது வருடங்களாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு: கணினி நடத்தும் அரசர்களோடு ராஜதந்திரம் பேசுவது எரிச்சலூட்டுகிறது, அவர்கள் முதுகில் குத்துகிறார்கள். முதல் பாதியை ஏற்கிறேன். இரண்டாம் பாதி சரியான புகார் இல்லை. கூட்டணி முறிவது நமக்கு ஒன்றும் புதிதல்ல; முறித்துக்கொண்டு போகிறவரும் பத்திரிகையாளர்களிடம் ஒரு காரணமாவது சொல்லிவிட்டுத்தான் போகிறார். கணினி அதைக்கூடச் சொல்வதில்லை. சொன்னாலும் சொன்னது புரிவதில்லை. 2004-இல் வந்த ரோம்: டோட்டல் வார் விளையாட்டில் தூதுவர்கள், 'தயவுசெய்து தாக்காதீர்கள்' என்ற கோரிக்கையையும் 'ஏற்காவிட்டால் தாக்குவோம்' என்ற மிரட்டலையும் ஒரே மூச்சில் வைத்தது இன்றுவரை கேலிப்பொருளாக இருக்கிறது. இரண்டும் தனித்தனிப் பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டப்பட்ட வாசகங்கள். பேசுகிற ஆள் என்று அங்கே யாரும் இல்லை.

இந்த நோய் முற்றிய வடிவத்தைப் பார்க்க ஐந்தாம் சிவிலைசேஷனின் ஆரம்ப மாதங்களுக்குப் போக வேண்டும். நான்காம் பதிப்பில் திரையில் தெரிந்த உறவுக் கணக்கை இதில் மறைத்துவிட்டார்கள். நேற்றுச் சிரித்தவர் இன்று ஏன் முறைக்கிறார் என்று அறிய வழியில்லை. ரகசிய உடன்பாடு, ஒத்துழைப்பு உடன்பாடு என்று இரண்டு இருந்தன. அவற்றில் கையெழுத்திட்டால் என்ன கிடைக்கும் என்றே பலருக்கு விளங்கவில்லை. பின்னால் வந்த திருத்தத்தில் அவற்றைத் தூக்கிவிட்டு, பகிரங்க நட்புப் பிரகடனத்தையும் கண்டனத்தையும் கொண்டுவந்தார்கள். காரணப் பட்டியலும் திரைக்குத் திரும்பியது. அப்படித் தெரிந்த காரணங்களில் ஒன்றுதான் என்னை யோசிக்க வைத்தது: தாங்கள் வெல்ல நினைக்கும் அதே வழியில் நீங்களும் வெல்லப் பார்க்கிறீர்கள், அது தங்களுக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு தலைவர் சொல்வார். அதுவரை பிஸ்மார்க்காக மீசை முறுக்கியவர், அந்த ஒரு வரியில் பலகைக்கு எதிரே உட்கார்ந்த போட்டியாளராகிவிடுகிறார். மறுபடி அடுத்த டர்னில் பிஸ்மார்க்.

கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. இந்த எதிராளி யார்? வெற்றிக்காக ஆடும் ஆட்டக்காரனா, உலகத்தை நிரப்பும் கதாபாத்திரமா? நான்காம் பதிப்பை வடிவமைத்த சோரன் ஜான்சன், வெல்ல ஆடும் ஏஐ வேறு, ஆட்டக்காரருக்குச் சுவை தர ஆடும் ஏஐ வேறு என்று பிரித்துப் பேசியவர். முழுக்க வெல்ல ஆடுகிற ஏஐ, நீங்கள் முன்னணிக்கு வந்த கணமே மற்ற எல்லோரையும் சேர்த்துக்கொண்டு உங்கள் மேல் பாய வேண்டும். அதுதான் நியாயமான ஆட்டம். அட்டையைப் பரப்பி நண்பர்களோடு ஆடும்போது நாமே அதைத்தான் செய்வோம். ஆனால் நாலாயிரம் வருடம் மதத்தையும் வணிகத்தையும் பகிர்ந்த அண்டை நாடு, மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தாக்கினால், அந்த நாலாயிரம் வருடத்துக்கு என்ன பொருள்? இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளாத விளையாட்டில் ராஜதந்திரம் குளறுபடியாகத்தான் இருக்கும்.

நான்காம் பதிப்பு (2005) கதாபாத்திரத்தைத் தேர்ந்துகொண்டது. கடுங்கோபம், எரிச்சல், எச்சரிக்கை, திருப்தி, நட்பு என்று மனநிலைகள் ஐந்து. தலைவர் பெயர்மேல் சுட்டியைக் கொண்டுபோனால் கணக்கு விரியும்: ஒரே மதம் என்பதற்கு இவ்வளவு கூட்டல், எல்லை உரசுவதற்கு இவ்வளவு கழித்தல், எங்கள் பரம விரோதியோடு வணிகம் செய்ததற்கு இவ்வளவு கழித்தல். எண்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி அல்ல. இசபெல்லாவுக்கு மதம்தான் எல்லாம். மான்சா மூசா தொழில்நுட்பத்தைத் தாராளமாக விற்பார். மொண்டேசுமா பக்கத்தில் பிறந்துவிட்டால் உங்கள் ஜாதகம் சரியில்லை என்று அர்த்தம். அவர்கள் சதி செய்வதைக்கூட மறைமுகமாகப் படிக்க முடிந்தது: வேறொருவரோடு போருக்கு வரச் சொல்லிக் கேட்கப் போனால், 'இப்போதே கை நிறைய வேலை இருக்கிறது' என்று பதில் வந்தால், அவர் யார் மேலோ படை திரட்டுகிறார் என்று அனுபவசாலிகள் புரிந்துகொள்வார்கள். அந்த 'யார் மேலோ' நாம்தானா என்ற பயத்தில் எல்லைக் கோட்டைகளைப் பலப்படுத்தும் அந்தப் பத்து டர்ன்களுக்கு ஈடான ராஜதந்திரப் பதற்றத்தை அடுத்து வந்த இரண்டு பதிப்புகளும் எனக்குத் தரவில்லை.

குறை இல்லாமல் இல்லை. கணக்கு தெரிந்துவிட்டால் கணக்கை ஆடத் தொடங்கிவிடுவோம். பலம் பொருந்திய அண்டை நாட்டின் மதத்துக்கு மாறி, அவ்வப்போது கேட்டதைக் கொடுத்து, கூட்டல் குறிகளைச் சேர்த்துவைத்தால் பெரும்பாலும் தொல்லையில்லை. ராஜதந்திரம் மாதச் சீட்டுக் கட்டுவதுபோல் ஆகிவிடும். வார்லார்ட்ஸ் விரிவாக்கம் (2006) கொண்டுவந்த சிற்றரசு முறையும் ஒரு தலைவலி. நீங்கள் பாதி வென்று முடித்த எதிரி வேறொரு பேரரசின் காலில் போய் விழுவான், அந்தப் பேரரசு உங்களோடு போரில் இறங்கும். எரிச்சல்தான், ஆனால் இதில் யாரும் ஏமாற்றவில்லை. விழுந்தவனுக்கும் காரணம் உண்டு, தாங்கியவனுக்கும் உண்டு. நமக்குப் பிடிக்காத அரசியல் என்பதற்காக அதைக் கோளாறு என்று சொல்ல முடியாது.

ஆறாம் பதிப்பு (2016) வேறு வழியில் போயிற்று. ஒவ்வொரு தலைவருக்கும் வரலாறு சார்ந்த அஜெண்டா ஒன்று, ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும் மறைமுக அஜெண்டா ஒன்று. காரணம் சொல்லாத நோய்க்கு மருந்து என்றுதான் முதலில் தோன்றியது. நார்வேயின் ஹரால்டு பெரிய கடற்படை வைத்திருப்பவர்களை மதிப்பார், இல்லாதவர்களை இகழ்வார். கண்டத்தின் நடுவில், கடலையே பார்க்காமல் நாலு நகரம் வைத்திருப்பவரையும் கப்பல் இல்லை என்று இகழ்வார். காரணம் தெளிவாகச் சொல்லப்படுகிறது. அந்தக் காரணத்துக்கும் அவருடைய நலனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. குணம் என்று நினைத்து எழுதியது கிறுக்குத்தனமாக முடிந்தது. விரிவாக்கத்தில் வந்த சந்திரகுப்தர் விதிவிலக்கு. தன் எல்லைக்கு அருகே நகரம் வைத்திருப்பவர்களை அவருக்குப் பிடிக்காது. இதை எழுதியவர் அர்த்தசாஸ்திரத்தின் மண்டலக் கோட்பாட்டை அறிந்தே எழுதியிருக்க வேண்டும்: அடுத்த நாட்டவன் பகைவன், அவனுக்கு அடுத்தவன் நண்பன். ஆனால் பகைக்கும் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். சாம, தான, பேத, தண்டத்தில் பேதம் இந்த ஏஐக்கு வரவே வராது. தானம் மட்டும் நன்றாக வரும்: சந்தித்த அதே டர்னில் 25 பொன்னுக்குத் தூதுக்குழு அனுப்பிவிடுங்கள், முகம் சுளிப்பதற்கு முன் வாங்கிக்கொள்வார்கள் என்பது ஆட்டக்காரர்கள் எல்லோரும் அறிந்த தந்திரம்.

ஐந்திலும் ஆறிலும் பொதுவான அபத்தம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். போருக்கு வா என்று கூப்பிடுவது அவர். வந்து இரண்டு நகரங்களைப் பிடித்தால் போர்வெறியன் என்று கண்டிப்பதும் அவரே. 2019-இல் கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கம் இதை மாற்றி, யார் யாருக்கு இழைத்த தீங்கு எவ்வளவு என்று இருபுறமும் மனக்குறைகளை எழுதிவைக்கும் முறையைக் கொண்டுவந்தது. நல்ல திருத்தம், தாமதமான திருத்தம். ஆறில் கடின நிலையை உச்சிக்கு ஏற்றினாலும் பேச்சு முதிர்வதில்லை. கணினி மூன்று குடியேறிகளோடு தொடங்கும், உங்களுக்கு ஒன்று. வாயில் வருவது அதே வசனம்.

ஏஐக்கு மூளை போதாது, அதுதான் பிரச்சினை என்பார்கள். நான் உடன்படவில்லை. ஆலன் கால்ஹாமர் 1954-இல் உருவாக்கி 1959-இல் வெளியிட்ட 'டிப்ளமசி' பலகை விளையாட்டைப் பாருங்கள். முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பா, ஏழு வல்லரசுகள், பகடை கிடையாது. எல்லாப் படைக்கும் ஒரே பலம். அதனால் இன்னொரு படை துணைக்கு வராமல் யாரையும் இடம்பெயர்க்க முடியாது. அங்கே எல்லோரும் வெல்லத்தான் ஆடுகிறார்கள், எல்லோரும் துரோகம் செய்வார்கள், ஆனாலும் நட்புக்கு மதிப்பு இருக்கிறது, ஏனென்றால் நட்பு இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. 2022-இல் மெட்டா நிறுவனத்தின் சிசரோ என்ற ஏஐ இதை இணையத்தில் மனிதர்களோடு 40 ஆட்டங்கள் ஆடி, ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டம் ஆடியவர்களில் முதல் பத்து சதவீதத்துக்குள் வந்தது. பேசிப் பேசித்தான் வந்தது. அதன் மொழித்திறனைக் கழற்றி ஆறாம் சிவிலைசேஷனின் ஹரால்டுக்குப் பொருத்தினால் என்ன ஆகும்? கப்பல் இல்லாததை இன்னும் அழகான நடையில் இகழ்வார். அவருக்கு உங்களிடம் ஆக வேண்டியது எதுவும் இல்லையே. உங்களுக்கும் அவரிடம் ஆக வேண்டியது ஒரு மூட்டைப் பட்டும் கொஞ்சம் உப்பும்தான்.

ஆக, ராஜதந்திரம் நிற்பதற்குத் தேவை வேண்டும், பகைப்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் காரணம் வேண்டும், இணங்கிப் போனால் அதற்கு ஒரு விலையும் கொடுக்க நேர வேண்டும். நான்காம் பதிப்பில் முதல் இரண்டும் உண்டு. தொழில்நுட்பப் பண்டமாற்றும் வாக்கெடுப்பு வெற்றியும் நண்பர்களைத் தேவையாக்கின. மூன்றாவது குறைவு. மூன்றாவது நிறைவாக இருந்த விளையாட்டு அதற்கு ஆறு வருடம் முன்பே வந்துவிட்டது: பிரையன் ரெனால்ட்ஸ் வடிவமைத்த ஆல்ஃபா சென்டாரி (1999). அன்னியக் கிரகத்தில் இறங்கிய ஏழு குழுக்கள் கொள்கையால் பிரிகின்றன. சகோதரி மிரியம் மத ஆட்சி வேண்டும் என்பார். பிரவின் லால் என்ற இந்தியர் ஜனநாயகம் கேட்பார். யாங் போலீஸ் ஆட்சிக்காரர். டீர்ட்ரே ஸ்கைக்குத் தடையற்ற சந்தை என்றாலே ஆகாது. உங்கள் சமூகத்தை நீங்கள் எப்படி அமைக்கிறீர்கள் என்பதைப் பார்த்து அவர்கள் உங்களை மதிப்பிடுகிறார்கள். மிரியத்தைக் குளிர்விக்க மத ஆட்சிக்கு மாறினால் ஆராய்ச்சியில் இரண்டு புள்ளி போய்விடும், லாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எல்லோரையும் திருப்திப்படுத்த வழியே இல்லை. மிரியம் படையோடு வரும்போது எரிச்சல் வரும், குழப்பம் வராது. நான் யாராக இருக்க முடிவு செய்தேனோ அதற்காக அவர் வருகிறார்.

2025 பிப்ரவரியில் வந்த ஏழாம் பதிப்பு பேரம் பேசும் மேசையையே ஏறக்குறைய எடுத்துவிட்டது. செல்வாக்கு என்றொரு நாணயம். அதைச் செலவழித்துக் கூட்டு முயற்சியை முன்மொழியலாம், மற்றவர் ஆதரிக்கலாம், ஏற்கலாம், மறுக்கலாம். பொன்னுக்குத் தொழில்நுட்பம், உப்புக்குப் பட்டு என்ற பழைய பண்டமாற்று இல்லை. அபத்தமான பேரங்கள் ஒழிந்தன என்பது உண்மை. வீட்டில் சண்டை வேண்டாம் என்று பேச்சை நிறுத்திக்கொண்டவர்களின் அமைதி அது. தோல்வியை ஒப்புக்கொண்ட நேர்மைக்கு ஒரு மதிப்பெண் தரலாம், அதற்கு மேல் தர மனம் வரவில்லை.

என் வரிசை இது: ஆல்ஃபா சென்டாரி முதலிடம், நான்காம் சிவிலைசேஷன் ஒரு மயிரிழை பின்னால், மனக்குறைக் கணக்கு வந்த பிறகான ஆறாம் பதிப்பு வெகுதூரம் தள்ளி, வெளிவந்த நாளின் ஐந்தாம் பதிப்பு கடைசி. ஆல்ஃபா சென்டாரியின் வரைகலை இன்றைய கண்ணுக்குச் செம்மண் நிறத்தில் மங்கலாகத்தான் தெரியும். ஒரு மாலை ஒதுக்கி ஆடிப் பாருங்கள். தடையற்ற சந்தையைத் தேர்ந்துகொண்டு, பக்கத்து நிலத்தில் டீர்ட்ரே இருக்கும்படி அமைந்தால் இன்னும் நல்லது.