மூன்று 'ம'

"ரெஃபரன்ஸ் எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன், பாருங்க சார்" என்று மானிட்டரை என் பக்கம் திருப்பினார் அந்தத் தம்பி.

இடம், மறைமலை நகரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடை. எலெக்ட்ரிக் ட்ரெயினில் 'மறைமலை நகர் காமராஜர்' ஸ்டேஷனில் இறங்கி விலாசம் விசாரித்தால், "என்.எச். ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்பார்கள். நேஷனல் ஹைவே என்று நினைத்து ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் போய் நிற்காதீர்கள் (நான் நின்றேன்). அது நெய்பர்ஹுட். 1980-ல் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் பிளான் போட்டு அமைத்த துணை நகரம். பகுதிகளுக்கெல்லாம் நம்பர் வைத்தவர்கள், ஊருக்கு மட்டும் தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை பெயரை வைத்தார்கள். வேதாசலம் என்ற தன் பெயரையே பெயர்த்து மறைமலை ஆக்கிக்கொண்டவர். அவர் பெயர் கொண்ட ஊரில் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால்... சரி, அது இன்னொரு வாரம்.

நான் போன காரியம் சின்னது. நண்பர்கள் நடத்தும் வாசகர் வட்டத்துக்கு ஒரு மலர். அட்டையில் 'மறைமலை நகர் ஆண்டு மலர்' என்று நாலே சொல். படம் வேண்டாம், எழுத்து மட்டும் போதும் என்று ஏகமனதாகத் தீர்மானித்திருந்தோம். பட்ஜெட்டும் அதைத்தான் தீர்மானித்திருந்தது.

தம்பி காட்டிய ரெஃபரன்ஸ் பிரமாதம். ஸ்விட்சர்லாந்து போஸ்டர்கள், ஜப்பான் போஸ்டர்கள், யாரோ பிரேசில்காரர் செய்த இசைத்தட்டு உறை. நூற்றுக்கணக்கில் ஃபோல்டர் போட்டுச் சேர்த்து வைத்திருக்கிறார். ரசனைக்குக் குறைவில்லை. அதில் ஒரு ஸ்விஸ் போஸ்டரை எடுத்து, அதே மாதிரி ஓர் அட்டை செய்து வைத்திருந்தார். நிறைய வெள்ளை இடம், இடது ஓரத்தில் சிவப்பில் தடித்த எழுத்து. ஏதோ இடித்தது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

டீ குடித்துவிட்டு யோசித்ததில் தெரிந்தது. அந்த ஸ்விஸ் போஸ்டர்களின் பலமே 1957-ல் பிறந்த ஹெல்வெட்டிகா மாதிரியான எழுத்துகள்தான். ஆங்கில கேபிடல் எழுத்துகளை அடுக்கினால் செங்கல் சுவர் மாதிரி மேலும் கீழும் ஒரே மட்டமாக நிற்கும். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் விட்ட வெற்றிடம்தான் போஸ்டர். தமிழ் எழுத்து செங்கல் இல்லை. கொம்பு, சுழி, தலைக்கு மேல் புள்ளி, காலுக்குக் கீழே தொங்கும் 'று'. அதைக் கொண்டுபோய் அந்த மட்டத்தில் நிறுத்தினால், பட்டுவேட்டி கட்டினவருக்கு பெல்ட் போட்ட மாதிரி இருக்கிறது. அந்த ஊர் டிசைனர் தன் எழுத்தின் உடம்பைப் பார்த்து அதற்கேற்ற சட்டை தைத்திருக்கிறார். நாம் அளவெடுக்காமல் சட்டையை மட்டும் வாங்கி வந்துவிட்டோம்.

இதைச் சொன்னதும் தம்பி கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப எதைப் பார்த்து செய்யறது சார்?" என்றார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

பதில் கடைக்குள்ளேயே, ஸ்டூலில் உட்கார்ந்து தினத்தந்தி படித்துக்கொண்டிருந்தது. தம்பியின் அப்பா. ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் இதே கடையில் போர்டு எழுதியவர். லாரிக்கு நம்பர், பள்ளிக்கூடச் சுவர், கம்பெனி கேட், கட்சி விளம்பரம், எல்லாம். பின்பக்கம் எனாமல் டப்பாக்கள் மூடி திறக்க முடியாமல் இறுகிக் கிடந்தன.

"ஐயா, நீங்க இந்த ஊர் பேரை எத்தனை தடவை எழுதியிருப்பீங்க?" என்றேன்.

"அது ரொம்ப பேஜாரான பேரு சார்" என்றார். "ரெண்டு சங்கிலிக்கொம்பு வருது பாருங்க. றைக்கு ஒண்ணு, லைக்கு ஒண்ணு. எடத்தை அடைச்சிக்கும். அந்தக் காலத்து லைன்னா துதிக்கை தலைக்கு மேல போயிடும், எடம் மிச்சம்."

சட்டென்று ஒரு கணக்கு ஓடியது. ணை, லை, ளை, னை என்று யானைத் துதிக்கையோடு இருந்த எழுத்துகளை மாற்றி அரசாணை வந்தது 1978-ல். பெரியார் 1935-லேயே 'குடிஅரசு'வில் தொடங்கி வைத்தது. ஊர் உருவானது 1980. அதாவது மறைமலை நகரும் புது 'லை'யும் கிட்டத்தட்ட ஒரே வயசு. சீர்திருத்தம் நல்லதுக்குத்தான். அச்சுக்கும் டைப்ரைட்டருக்கும் குழந்தைகளுக்கும் சுலபம். ஆனால் போர்டு எழுதுகிறவருக்கு ஒரு புதுத் தலைவலி வந்தது பற்றி எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

"அப்ப எப்படி சமாளிச்சீங்க?"

"மொத கொம்பை நல்லா பெருசா சுத்தி விட்டுருவேன். ரெண்டாவதை கொஞ்சம் அடக்கி, அண்ணன் தம்பி மாதிரி. மூணு 'ம' வருதா, மூணும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. ஒரே மாதிரி வந்தா கண்ணு அங்கியே நின்னுடும், படிக்காது."

தம்பி மானிட்டரைப் பார்த்தார். அவர் அட்டையில் மூன்று 'ம'வும் ஒரே அச்சில் வார்த்தவை. ஃபான்ட் என்றால் அதுதானே?

இங்கே நான் ஆதிமூலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

திருச்சிப் பக்கம் கீரம்பூரில் 1938-ல் பிறந்த கே.எம். ஆதிமூலத்தை உங்களில் பலருக்கு காந்தியின் கோட்டோவியங்கள் மூலம் தெரியும். அல்லது கி.ரா.வின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது கூடவே வந்த படங்கள் மூலம். பிற்காலத்தில் கறுப்பு-வெள்ளையை விட்டு, உருவமே இல்லாத வண்ணப் பரப்புகளுக்குப் போனார். 2008-ல் பொங்கல் நாளில் இறந்துபோனார். காலரிகளில் விலைபோனவை அந்த வண்ணங்கள். எனக்கோ அவர் சிறுபத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் எழுதித் தந்த தலைப்பெழுத்துகள்தான் பெரிய சாதனை. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

பழைய புத்தகக் கடையில் அவர் எழுத்து போட்ட அட்டை கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். கல்வெட்டில் உளி பட்ட மாதிரி ஓர் இடத்தில் முறியும், ஓர் இடத்தில் தடிக்கும். ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் இரண்டும் இரண்டு ஆள். அவர் காந்தியின் தோளை எப்படிக் கோடு இழுத்தாரோ அப்படித்தான் 'க'வையும் இழுத்தார். எழுத்து அவருக்கு சித்திரத்தின் பக்கத்தில் வைக்கிற லேபிள் இல்லை, அதுவே சித்திரம். அதே சமயம் படிக்க முடியாமல் போகவும் இல்லை. அந்த எல்லையில் நிற்பதுதான் கஷ்டம். கே.சி.எஸ். பணிக்கர் 1963-லிருந்து வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் அந்த எல்லையைத் தாண்டிவிட்டார். ஜாதகக் கட்டம், கணக்குக் குறி, எழுத்து மாதிரி ஏதோ. படிக்க முயன்றால் தோற்றுப்போவீர்கள். அது ஓவியம், அவருக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. ஆனால் நம் அட்டையை நாலு பேர் படித்தாக வேண்டும்.

ஆதிமூலத்துக்கு யார் இன்ஸ்பிரேஷன் என்று ஆராய்ந்தால் நிறையப் பெயர் வரும். ஃப்ளெக்ஸ் கடைப் பெரியவருக்கு அவர் பெயரே தெரியவில்லை. இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தது எப்படி? தூரிகை பிடித்த கை, ஒரு 'ம'வை முடித்துவிட்டு அடுத்த 'ம'வுக்கு வரும்போது முதல் 'ம'வை ஞாபகம் வைத்திருக்கிறது. கம்ப்யூட்டருக்கு அந்த ஞாபகம் கிடையாது. (இப்போது ஃபான்ட் செய்கிறவர்கள் ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவம் வைத்து, அடுத்தடுத்து வரும்போது மாற்றிப்போடச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தமிழில் அதை இன்னும் தாராளமாகச் செய்யலாம்.)

ஃபான்ட் என்றாலே பாவம் என்று சொல்லவில்லை. இந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நல்ல தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பிரியா ரவிச்சந்திரனின் 'கட்டமரான்', பெயரே நம் கட்டுமரம். நறுவிசாக, கொஞ்சம் குளிர்ச்சியாக, பாங்க் மேனேஜர் பேசுவது மாதிரி இருக்கும். எக் டைப் குழுவின் 'பாலூ தம்பி' போண்டா மாதிரி உருண்டு, பார்த்தவுடன் சிரிக்க வைக்கும். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் 'கவிவனார்' சாய்ந்த கையெழுத்து. மூன்றில் எனக்கு அதுதான் பிடிக்கும், இரண்டு வரிக்கு மேல் போகாத வரைக்கும். இவர்கள் தமிழின் உடம்பைப் பார்த்துத் தைத்தவர்கள். புகார் இவர்கள் மேல் இல்லை. அவற்றை எடுத்து அட்டையில் ஒட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று லைட்டை அணைக்கும் நம் மேல்தான்.

'நம்' என்றது சும்மா மரியாதைக்காக இல்லை. பல வருடம் முன்னால் என் முதல் தொகுப்புக்கு ஓர் ஓவிய நண்பர் கையால் தலைப்பு எழுதித் தந்தார். ஓர் எழுத்து கோணலாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, டி.டி.பி. சென்டரில் பளிச்சென்று ஒரு ஃபான்ட் போட்டு வாங்கிக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் எனக்கு எதுவும் எழுதித் தரவும் இல்லை. அந்த அட்டையை இன்று பார்த்தால் வட்டார வளர்ச்சி அலுவலக அறிவிப்பு மாதிரி இருக்கிறது.

பளிச்சென்று இருப்பது நவீனம், கையெழுத்து பழசு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. இதே மறைமலை நகரில் 1999-லிருந்து 2022-ல் உற்பத்தி நிற்கும் வரை ஃபோர்டு கார்கள் வந்துகொண்டிருந்தன. மூக்கில் அந்த நீல முட்டை. அதற்குள் இருக்கிற எழுத்தை கவனித்திருக்கிறீர்களா? கையெழுத்து. ஹென்றி ஃபோர்டின் கையெழுத்து என்று பலர் நினைப்பார்கள். இல்லை. அவரிடம் வேலை பார்த்த சைல்ட் ஹெரால்ட் வில்ஸ் என்ற இன்ஜினீயர் எழுதியது. இளவயதில் விசிட்டிங் கார்டு அச்சடித்துக் காசு பார்த்தவராம். அந்த எழுத்தைக் கம்பெனி 1909-ல் வணிகச் சின்னமாகப் பதிவு செய்தது. 1966-ல் பால் ராண்டைக் கூப்பிட்டு மாற்றச் சொன்னார்கள். ஐ.பி.எம். சின்னம் செய்த, கிராஃபிக் டிசைனின் பீஷ்மர். அவர் செய்து கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லி, பழைய கையெழுத்தையே வைத்துக்கொண்டார்கள். இந்த ஊர் கண் முன்னால் இருபது வருடத்துக்கு மேல் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு பெயிண்டர் எழுத்து! இங்கிருந்து ஒரகடம் பக்கம் போனால் புல்லட் கம்பெனி. அந்த வண்டி பெட்ரோல் டேங்கில் ஓடும் தங்கக் கோட்டை, ரோபோக்கள் வந்த பிறகும் தூரிகையால் இழுத்துப் பேர் வாங்கியவர்கள். இதைச் சொன்னபோது பெரியவர் தினத்தந்தியை மடித்து வைத்தார். "கோடு முடியற வரைக்கும் மூச்சு விடக் கூடாது சார்" என்றார்.

டெல்லியில் ஹனீஃப் குரேஷி என்றொருவர் இருந்தார். 2024-ல் போய்விட்டார். தெருவோரப் பெயிண்டர்களின் எழுத்துகளை வாங்கி ஃபான்ட் ஆக்கி, அந்தப் பெயிண்டரின் பெயரையே அதற்கு வைத்தார். 'பெயிண்டர் கஃபீல்' என்று ஒரு ஃபான்ட் இருக்கிறது. உண்மை. நம் ஊர்ப் பெயிண்டர்கள் சுவரின் மூலையில் 'ஆர்ட்ஸ்' என்று சின்னதாகக் கையெழுத்துப் போட்டதோடு சரி. அந்தச் சுவருக்கும் வெள்ளை அடித்தாகிவிட்டது.

நான் தம்பியிடம் சொன்னேன்: "தலைப்பை அப்பாவையே எழுதச் சொல்லுங்களேன்."

"அப்பாவுக்கு கை நடுங்குது சார். மார்க்கெட்ல இதெல்லாம்..." என்று இழுத்தார். பெரியவர் ஒன்றும் பேசாமல் வீணான ஃப்ளெக்ஸ் துண்டு ஒன்றைத் திருப்பிப்போட்டு, நூலில் சாக்பீஸ் பொடி தேய்த்து, இரண்டு கோடு சுண்டினார். இடது கையில் ஒரு குச்சி, அதன் மேல் வலது மணிக்கட்டு. குச்சி மேல் வைத்ததும் நடுக்கம் பாதி நின்றது. எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் கடைக்கு மூன்று கஸ்டமர் வந்து, ஒரு கல்யாண பேனரும் ஒரு கண்ணீர் அஞ்சலியும் ஆர்டர் ஆனது.

நாலு நாள் கழித்து ப்ரூஃப் பார்க்கப் போனேன். அழகாக இருந்தது. ஆனால் மறுபடி ஏதோ இடித்தது. இந்தத் தடவை எனக்கு முன்னால் பெரியவர் கண்டுபிடித்துவிட்டார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒரு நிமிஷம் பார்த்தார்.

"இது என் எழுத்து இல்ல."

ஸ்கேன் செய்த தம்பி, இருப்பதிலேயே நல்ல 'ம'வை எடுத்து மூன்று இடத்திலும் ஒட்டியிருந்தார். இரண்டு கொம்பும் ஒரே கொம்பு. "க்ளீனா இருக்கட்டும்னுதான்பா..." என்றார். பெரியவர் மறுபடி ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டார். யாரும் எதுவும் பேசவில்லை. பிரின்டர் மட்டும் யாருடைய காதுகுத்து விழாவையோ கர்ர் கர்ரென்று துப்பிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து தம்பி ஃபைலைத் திறந்து, ஒட்டியதை ஒவ்வொன்றாக அழித்து, ஸ்கேனில் இருந்ததை இருந்தபடியே வைத்தார். அண்ணன் கொம்பு, தம்பி கொம்பு. கடைசி 'ம' லேசாகச் சாய்ந்து, பக்கத்து 'ல'வின் தோளில் கை போட்டிருந்தது.

"அப்பா, இப்ப பாருங்க."

அவர் வந்து பார்த்தார். "கடைசி 'ம' சாஞ்சிடுச்சு. குச்சி நழுவிச்சு" என்றார். "வேணும்னா ஒண்ணு மட்டும் திருப்பி எழுதித் தரவா?"

"வேணாம்பா" என்று தம்பி பிரின்ட் கொடுத்தார்.