தராசு எதைக் காட்டுகிறது?

கருவில் ஊட்டம் குறைந்தால் மூளை வளர்ச்சி குன்றும் என்று விளக்கவரும் கட்டுரைகள் பலவும் இரட்டைக் குழந்தைகளைச் சான்றுக்கு அழைக்கின்றன. ஒருகரு இரட்டையருள் எடை குறைந்து பிறந்தவர் பின்னாளில் அறிவுத்திறன் சோதனைகளில் சற்றுப் பின்தங்குவதைச் சில ஆய்வுகள் கண்டது உண்மையே. ஆனால், ‘ஆகவே இது தாயின் உணவுக் குறைவால் வந்தது’ என்று அடுத்த வரியிலேயே எழுதிவிடுகிறார்களே, அது பொருந்துமா? வாசகர் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

தராசின் இரு தட்டுகளிலும் சமமான எடைக்கற்களை வைத்தால் முள் அசைவதில்லை. இரட்டையரை ஒப்பிடுவதும் அவ்வாறே. மரபுப் பண்பு, கருக்காலம், தாயின் வயது ஆகிய பொதுவானவையெல்லாம் கழிந்துவிடுகின்றன. ஆய்வாளர் இம்முறையை நாடுவதே அதற்காகத்தான். தாய் உண்ட உணவும் இருவருக்கும் பொதுவல்லவா? அதுவும் கழிந்துபோகிறது! எஞ்சுவது, வந்த ஊட்டத்தில் எவருக்கு எவ்வளவு சென்றது என்பது மட்டுமே. ஒருகரு இரட்டையருள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொள்கின்றனர். பங்கு சமமாக அமையாவிட்டாலோ, ஒரு குழந்தையின் தொப்புள்கொடி நஞ்சுக்கொடியின் ஓரத்தில் இணைந்திருந்தாலோ அக்குழந்தை மெலியக்கூடும். தாய் கூடுதலாக உண்பதால் இப்பங்கீடு சமமாகிவிடாது. மெலிந்த குழந்தையைக் காட்டி, “நீ ஒழுங்காகச் சாப்பிடவில்லை” என்று பிள்ளை பெற்றவளைக் கடிந்துகொள்ளும் உறவினருக்கு இவ்வாய்வுகள் துணை நில்லா.

தாயின் உணவையே சோதித்தது ஹாலந்தில் 1944-45 குளிர்காலத்தில் நேர்ந்த பஞ்சம். ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளரின் தடையாலும் உறைந்த கால்வாய்களாலும் மேற்கு நகரங்களில் பங்கீட்டு உணவு நாளொன்றுக்கு 1,000 கலோரிக்கும் கீழே சென்றது. ஜீனா ஸ்டைன், மெர்வின் சஸ்ஸர் முதலானோர் 1975இல் வெளியிட்ட நூல், அப்போது கருவிலிருந்து, 19 வயதில் படைத்தேர்வுக்கு வந்த இளைஞரை ஆராய்ந்தது. அவர்களின் அறிவுத்திறன் குறைந்திருக்கவில்லை!

இதையும் அப்படியே விழுங்க இயலாது. சோதிக்கப்பட்டோர் பிழைத்தவர்கள்; ஆண்கள் மட்டுமே. பஞ்சமோ சில மாதங்களே நீடித்தது. ஆண்டுக்கணக்கில் அரைவயிறு உண்ணும் தாய்மாருக்கு இம்முடிவை நீட்டக்கூடாது. மேலும், கருவின் தொடக்க மாதங்களில் பஞ்சத்துக்கு ஆளானோர் ஐம்பது வயதைத் தாண்டியபின் கவனச் சோதனையொன்றில் பின்தங்கியதை 2010இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

ஐயமறச் சோதித்ததற்கு எடுத்துக்காட்டு வேண்டுவோர் நியூகினியைப் பார்க்கலாம். அயோடின் குறைந்த அம்மலைப்பகுதியில் ஒரு சாராருக்கு அயோடின் கலந்த எண்ணெயையும் மறுசாராருக்கு உப்புநீரையும் ஊசிவழி செலுத்தினர். முடிவு 1971இல் வெளிவந்தது: எண்ணெய் ஊசிக்குப் பின் கருவுற்றவர்களின் குழந்தைகளிடம் கிரெட்டினிசம் என்னும் மூளைக்குறை ஏறத்தாழ இல்லாமற்போயிற்று.