நான்கு எழுத்து, ஏழு குறி: வீட்டுக் கணினியில் கோப்பு நகர்வும் தேடலும் மின்னஞ்சலும்

தம்போய் என்னும் ஊர்ப்பெயர் தமிழில் எழுதப்படும்போது கண்ணுக்கு நான்கு எழுத்துகளாகத் தெரிகிறது. யூனிகோடு முறையில் அது ஏழு குறிகளாகப் பதிவாகிறது. யூடிஎஃப்-8 என்னும் சேமிப்பு முறையில் அக்குறிகள் 21 பைட்டுகளாக விரிகின்றன. குறி என்பது ஓர் எழுத்துக்கோ, எழுத்தின் உறுப்பாகிய புள்ளி, கால், கொம்பு போன்றவற்றுக்கோ உலகப் பொதுவாக ஒதுக்கப்பட்ட எண். பைட் என்பது அவ்வெண்ணை வட்டில் எழுதிவைப்பதற்கான இட அளவு. ஜொகூர்பாருவின் புறநகரான இவ்வூரின் தமிழ் வீடுகளில் ‘கோப்பு நகரவில்லை’, ‘தேடினால் கிடைக்கவில்லை’, ‘அஞ்சல் படிக்க வரவில்லை’ என்று மூன்று வெவ்வேறு குறைகளாகப் பேசப்படுபவற்றுள் பல, கண் காணும் நான்குக்கும் கணினி எண்ணும் ஏழுக்கும் வட்டு சுமக்கும் இருபத்தொன்றுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன. கடைக்காரரிடம் கணினியைத் தூக்கிச் சென்றால் அவர் வன்வட்டையும் நினைவகத்தையும் சோதிப்பாரே ஒழிய இந்த வேறுபாட்டைச் சோதிப்பதில்லை.

இங்கு மதிப்பிடப்படுபவை விண்டோஸ் 11 உடன் சேர்ந்தே வரும் மூன்று கருவிகளாகிய ஃபைல் எக்ஸ்புளோரர், விண்டோஸ் தேடல், புதிய அவுட்லுக் ஆகியவையும், அவற்றுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் எவ்ரிதிங் என்னும் தேடுகருவியும் தண்டர்பேர்ட் என்னும் அஞ்சல் செயலியும் ஆகும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிந்துவிட்டதால், இருபது ஆண்டுச் சேமிப்பைப் பழைய பெட்டியிலிருந்து புதிய பெட்டிக்கு மாற்றும் வேலை பல வீடுகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது; கருவிகளின் குறைகள் அந்த மாற்றத்தின்போதுதான் ஒருசேர வெளிப்படுகின்றன.

மலேசியத் தமிழ் வீடொன்றின் கணினியில் அடுக்கடுக்காகப் பல காலத்துக் கோப்புகள் கிடக்கும். மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளில் தட்டெழுதப்பட்ட ஆலயக் கூட்டக் குறிப்புகளும் திருமண அழைப்பிதழ்களும் அடியில் இருக்கும். அவற்றுக்கு மேல் யூனிகோடில் எழுதப்பட்ட கடிதங்களும், கைப்பேசியிலிருந்து இறக்கிய படங்களும், ஜொகூர்ப் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்றுவருவோரின் சம்பளச் சீட்டுகளும் குவிந்திருக்கும். 2020 மார்ச்சில் கோவிட் பெருந்தொற்றால் எல்லை அடைக்கப்பட்டு, 2021 நவம்பர் 29 அன்று தடுப்பூசி பெற்றோருக்கெனப் பாலம் வரையறையோடு திறக்கப்படும் வரை, அக்கரையிலும் இக்கரையிலுமாகப் பிரிந்திருந்த குடும்பங்களின் தாளும் படமும் மின்னஞ்சல் வழியாகவே பயணம் செய்தன என்பதால், அஞ்சல் பெட்டியும் ஓர் ஆவணக் கிடங்காகிவிட்டது.

கோப்பு நகர்வில் முதலில் நிற்கும் தடை எழுத்தோடு தொடர்பற்றது. கடையில் வாங்கும் பென் டிரைவுகள் பல, ஃபேட்32 என்னும் பழைய ஒழுங்கில் வடிவமைக்கப்பட்டு வருகின்றன. அவ்வொழுங்கில் ஒரு கோப்பின் அளவு 4 கிகாபைட்டை எட்டக்கூடாது என்பதால், 64 கிகாபைட் இடம் வெறுமையாக இருந்தும் 5 கிகாபைட் திருமணக் காணொளி ஒன்றை அது ஏற்க மறுக்கிறது. பென் டிரைவில் உள்ளவற்றை வேறிடத்தில் வைத்துவிட்டு அதை எக்ஸ்ஃபேட் ஒழுங்கில் மீண்டும் வடிவமைத்தால் இத்தடை நீங்கும். வேகக் குறைவைப் பற்றிய முறையீட்டுக்கும் விடை எளிது: யூஎஸ்பி 2.0 துளையின் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட், அதாவது ஏட்டளவில் 60 மெகாபைட். நடைமுறையில் நொடிக்கு 35 மெகாபைட் கிடைத்தாலே நன்று என்பதால், 100 கிகாபைட் படங்களுக்கு ஏறத்தாழ 48 நிமிடம் ஆகும். உள்ளே நீல நிறம் தெரியும் துளை பெரும்பாலும் யூஎஸ்பி 3.0 வகையைச் சேர்ந்தது. அங்கே மாற்றிச் செருகுவதே முதல் மருந்து.

ஐஃபோனிலிருந்து படங்களை இறக்கும்போது பாதியில் கருவி செயற்படவில்லை என்ற அறிவிப்பு வந்து நின்றுவிடுவது பலரும் கண்டது. கைப்பேசி தன் படங்களைக் கணினிக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றியபடியே அனுப்ப முயல்வதால் வரும் இடறல் இது. கைப்பேசியின் படங்கள் அமைப்பில் மூலத்தை அப்படியே வைத்திருக்கும்படி தெரிவுசெய்தால் பெரும்பாலும் தீர்கிறது. பெரிய சேமிப்புகளுக்கு ஃபைல் எக்ஸ்புளோரரை விட விண்டோஸிலேயே உள்ள ரோபோகாப்பி என்னும் கட்டளைக் கருவி நம்பகமானது. இடையில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரவும் அதனால் இயலும். ஆனால் படிக்க முடியாத கோப்பு ஒன்றைக் கண்டால், வேறு எண்ணிக்கை குறிப்பிடப்படாதவிடத்து, 30 நொடிக்கு ஒருமுறையாகப் பத்து லட்சம் முறை முயல்வது அதன் இயல்பு. கணக்கிட்டால் அது 347 நாள். இவ்வளவு பொறுமை வீட்டுக்கு ஆகாது என்பதால் முயற்சி எண்ணிக்கையை இரண்டு மூன்றாகக் குறைத்துவிட்டே அதை ஏவ வேண்டும்.

எழுத்தின் சிக்கல் இதற்குப் பிறகே தொடங்குகிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஒழுங்கில் கோப்புப் பெயர் ஒன்றில் 255 குறியலகுகள் வரை இருக்கலாம். வீட்டு வலையில் இணைக்கப்படும் சேமிப்புப் பெட்டிகளில் பெரும்பாலானவை லினக்ஸ் அடிப்படையில் இயங்குகின்றன, அங்கே வரம்பு 255 பைட். ஆங்கிலப் பெயருக்கு இரண்டும் ஒன்றே. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்வதால், தமிழ்ப் பெயருக்கு அவ்வரம்பு 85 குறிகளாகச் சுருங்கிவிடுகிறது. ஆலயத்தின் முழுப்பெயர், விழாவின் பெயர், ஆண்டு, இடம் என நீண்டு செல்லும் கோப்புப் பெயரொன்று மடிக்கணினியில் ஒழுங்காக இருந்து, சேமிப்புப் பெட்டிக்கு நகர்த்தும்போது மட்டும் மறுக்கப்படுவதன் காரணம் இதுவே. இதோடு, கோப்புறைகளின் பெயர்களையெல்லாம் சேர்த்த முழுப் பாதைக்கும் விண்டோஸ் செயலிகள் பல 260 என்னும் பழைய வரம்பையே இன்னும் கைக்கொள்கின்றன. கோப்புறைக்குள் கோப்புறையாகத் தமிழில் பெயரிடும் வீட்டில் அதுவும் விரைவில் நிரம்பிவிடும். பெயரைச் சுருக்குவதே இதற்கு எளிய வழி.

தேடலில் இச்சிக்கல் இன்னும் நுட்பமாகிறது. ‘போ’ என்னும் எழுத்தின் ஓகாரக் குறியை ஒற்றைக் குறியாகவும் பதியலாம். இரட்டைக் கொம்பும் காலுமாகப் பிரித்து இரு குறிகளாகவும் பதியலாம். யூனிகோடு இவ்விரண்டையும் நிகரானவை என்று அறிவித்திருக்கிறது. ஆயினும் என்டிஎஃப்எஸ் அவற்றை ஒன்றாக்குவதில்லை. ஒரே கோப்புறைக்குள் தம்போய் என்ற பெயரில் இரு கோப்புகளை அருகருகே வைக்க அது இடங்கொடுக்கிறது. ஏழு குறியுடைய தம்போயும் எட்டுக் குறியுடைய தம்போயும் திரையில் ஒன்றுபோலவே நிற்க, குறிக்குக் குறி ஒப்பிடும் எந்தக் கருவியும் ஒன்றைத் தேடும்போது மற்றதைக் கண்டுகொள்ளாது. ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் ஒழுங்கு பெயர்களைப் பிரித்தே பதிவது என்பதால், அத்தகைய மேக் கணினியில் சுருக்கி அனுப்பப்பட்ட ஜிப் கோப்புகளே பிரிந்த பெயர்கள் வீட்டுக்குள் நுழையும் வழிகளுள் முதன்மையானவை. கொரிய மொழியினர் இதே துன்பத்தைக் கண்ணால் காண்கிறார்கள். அவர்களுடைய அசைகள் திரையிலேயே உதிர்ந்து நிற்கும். தமிழில் அது உதிராமல் மறைந்திருப்பதால் நோயும் மறைந்திருக்கிறது.

இதனினும் பிடிவாதமானது ‘ஸ்ரீ’. 2005இல் யூனிகோடு 4.1 பதிப்பில் ‘ஶ’ சேர்க்கப்பட்ட பின், ‘ஸ்ரீ’ என்னும் வடிவத்தை ஸகரத்தைக் கொண்டும் ஶகரத்தைக் கொண்டும் உருவாக்கலாம் என்றாயிற்று. எழுத்துருக்கள் பல இரண்டுக்கும் ஒரே உருவத்தைக் காட்டுகின்றன. ஓகாரத்தைப் போல இவற்றை யூனிகோடு நிகர் என்று அறிவிக்கவும் இல்லை. ஆகவே நல்ல தேடுகருவியும் இங்கே கைவிரித்துவிடும். ஜொகூரின் ஆலய அழைப்பிதழ்களில் ‘ஸ்ரீ’ இல்லாதது அரிது. ஆதலால் ஆலயக் கோப்பைத் தேடுவோர் அச்சொல்லை விட்டுவிட்டு அடுத்த சொல்லைக் கொடுத்துத் தேடுவதே அறிவுடைமை.

விண்டோஸ் தேடல் இயல்பில் சுட்டுப்பட்டியலை, அதாவது முன்கூட்டியே தொகுத்துவைத்த சொல்லடைவை, நம்பி இயங்குகிறது. இயல்பு அமைப்பில் அது ஆவணங்கள், படங்கள், இசை, மேசைத்திரை ஆகியவற்றையே தொகுக்கிறது. டி வட்டிலோ வெளிவட்டிலோ இருக்கும் சேமிப்பைப் பயனர் தாமே அமைப்பில் சேர்க்காவிட்டால், அங்கே தேடல் ஊர்ந்து ஊர்ந்தே செல்லும். பட்டியல் பழுதானால் அதை அழித்து மீளக் கட்டும் வசதி அதே அமைப்பில் இருக்கிறது. அவ்வேலை முடியச் சில மணி நேரம் ஆகலாம் என்பதால் இரவில் தொடங்கிவைப்பது நன்று. எவ்ரிதிங் வேறு வழியில் செல்கிறது: என்டிஎஃப்எஸ் வட்டு தன் கோப்புகளுக்கெல்லாம் வைத்திருக்கும் தலைமைப் பதிவேட்டை நேராகப் படித்து, பெயரின் ஒரு துண்டைக் கொடுத்தவுடன் நொடிப்பொழுதில் விடை தருகிறது. கோப்புக்குள் இருக்கும் சொற்களை அது இயல்பாகத் தொகுப்பதில்லை என்றாலும், வீட்டில் தேடப்படுபவை பெரும்பாலும் பெயர்களே என்பதால், தேடலில் விண்டோஸின் சொந்தக் கருவியைவிட இதுவே மேலானது.

பெயர் ஆங்கிலத்தில் இருந்து உள்ளடக்கம் பழைய குறிமுறையில் இருக்கும் கோப்புகளுக்கு இரண்டு கருவிகளுமே உதவா. யூனிகோடு பரவுவதற்கு முன், 1990களின் பிற்பகுதியில் உலகத் தமிழ்க் கணிப்பயனர்கள் மின்னஞ்சல் வழியே கலந்துபேசி உருவாக்கிய தகுதரம் என்னும் டிஸ்கி முறை, ஆங்கில எழுத்துகளுக்கு அடுத்திருந்த இடங்களில் தமிழ் உருவங்களை வைத்தது; ‘கொ’ என்பதில் கொம்பு முதலிலும் ககரம் அடுத்தும் கால் இறுதியிலுமாக, கண் பார்க்கும் வரிசையிலேயே பதிந்தது. அத்தகைய ஆவணம் விண்டோஸ் தேடலுக்கு ஐரோப்பிய எழுத்துகளின் குப்பையாகவே தெரிகிறது. எழுத்துருவை மட்டும் நிறுவினால் படிக்கலாம். தேட வேண்டுமானால் குறிமாற்றியால் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். வெறும் எழுத்துருவை மாற்றிவிட்டு மாற்றம் முடிந்தது என்று எண்ணுவதே இவ்விடத்தில் அடிக்கடி நிகழும் பிழை.

மின்னஞ்சலில் தமிழ் சிதைந்து வரும்போது சிதைவின் தோற்றமே நோயைச் சொல்லிவிடும். வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்பது பொருள். செய்தி முழுமையாக இருக்கிறது. தலையில் சாய்கோடு ஏறிய ஆங்கில ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் நிற்கும் வணிகப் பதிவுக் குறியும் வரி முழுதும் திரும்பத் திரும்ப வந்தால், யூடிஎஃப்-8 தமிழை ஐரோப்பிய முறையில் செயலி படிக்கிறது என்பது பொருள். ஏனெனில் ஒவ்வொரு தமிழ்க் குறியின் முதல் பைட்டும் அந்த ஏ வடிவமாகவே தோன்றும். இதற்குத் தண்டர்பேர்டில் எழுத்துக் குறிமுறையைச் சரிசெய்யும் கட்டளை ஒன்று உண்டு. ஐரோப்பிய எழுத்துகள் இத்தகைய ஒழுங்கின்றிக் கலந்து வந்தால் டிஸ்கி போன்ற பழைய முறையை ஐயுறலாம். வரி முழுதும் கேள்விக்குறிகளாக இருந்தால் மட்டுமே எழுத்து அழிந்துவிட்டது. வழியில் ஏதோ ஒரு செயலி தன்னால் எழுத இயலாத ஒவ்வொரு குறிக்கும் பதிலாகக் கேள்விக்குறியை எழுதிவிட்டது.

அஞ்சல் செல்லாமைக்கும் வாராமைக்கும் காரணங்கள் வேறு. மின்னஞ்சல் இணைப்பை எழுத்துவடிவாக மாற்றியே அனுப்புவதால் மூன்று பைட் நான்காகிறது. ஜிமெயிலின் 25 மெகாபைட் வரம்புக்குள் மூலக் கோப்பு ஏறத்தாழ 18 மெகாபைட்டைத் தாண்டக்கூடாது. ஜிமெயிலின் இலவச 15 கிகாபைட் இடம் கூகுள் படச் சேமிப்புக்கும் கூகுள் டிரைவுக்கும் பொது என்பதால், கைப்பேசிப் படங்கள் நிரம்பினாலே அஞ்சல் வரவு நின்றுவிடும். சரியான கடவுச்சொல்லை இட்டும் பழைய செயலி அதையே மீண்டும் மீண்டும் கேட்குமானால், கணக்கு களவுபோகவில்லை: வெறும் கடவுச்சொல்லால் நுழையும் பழைய முறையைக் கூகுள் 2022 மே 30இலும், அவுட்லுக்.காம் 2024 செப்டம்பர் 16இலும் நிறுத்திவிட்டன. புதிய நுழைவு முறை அறியாத செயலி எத்தனை முறை கேட்டும் பயனில்லை.

விண்டோஸின் மெயில் செயலிக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31இல் முடிந்தபின் அதன் இடத்தில் அமர்ந்திருக்கும் புதிய அவுட்லுக், நாள்தோறும் வரும் அஞ்சலைப் படிக்கப் போதுமானது. கிடங்காகப் பயன்படுத்த ஏற்றதன்று. பிற நிறுவனக் கணக்குகளின் அஞ்சலையும் அது மைக்ரோசாஃப்டின் மேகச் சேமிப்பில் நகலெடுத்தே காட்டுகிறது என்பதை வீட்டார் அறிந்து ஒப்புக்கொள்ள வேண்டும். தண்டர்பேர்ட் ஒவ்வோர் அஞ்சல் கோப்புறையையும் வட்டில் ஒரே வெற்றுரைக் கோப்பாக வைக்கிறது. அழித்த அஞ்சல்கள் இறுக்கும் கட்டளை தரப்படும் வரை அதற்குள்ளேயே கிடக்கும் என்பதும், அக்கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்டினால் முன்சொன்ன ஃபேட்32 பென் டிரைவில் ஏறாது என்பதும் அதன் குறைகள். எந்தக் காலத்திலும் எந்தச் செயலியாலும் திறந்து படிக்கத்தக்க வடிவம் என்பது அக்குறைகளை விஞ்சிய நிறை.

புதிய கணினிக்குக் குடிபெயரும் முன் ஒன்றைச் சோதிக்க வேண்டும். அவுட்லுக் 2002ஆம் பதிப்பும் அதற்கு முந்தியவையும் உருவாக்கிய பிஎஸ்டி என்னும் அஞ்சல் கிடங்குக் கோப்பு 2 கிகாபைட் வரம்பு உடையது, யூனிகோடு அறியாதது. தமிழ் யூனிகோடு அஞ்சலை அதற்குள் இழுத்து வைத்தால் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். அத்தகைய கோப்பு இருக்குமானால் அதில் புதிதாக எதையும் சேர்க்காமல் முதலில் நகலெடுத்துவிட்டு, கேள்விக்குறியாகிப்போன அஞ்சல்களின் தேதியையும் அனுப்பியவரையும் மட்டும் குறித்துவைத்து, மூலம் அவருடைய ‘அனுப்பியவை’ பெட்டியில் இன்னும் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.