மார்பில் ஒரு யானை

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மார்பில் ஒரு யானை நிற்கிறது. வெள்ளி ரூபாயை வெளிச்சத்தில் சற்றே சாய்த்து, கிரீடம், காது, தாடி என்று இறங்கி வந்தால், அங்கியின் மேல் படிந்த விருதுச் சங்கிலியில் அது தெரியும். எள்ளை விடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். அவர் காலத்து ரூபாய் எதுவானாலும் தரம் சொல்வதற்கு முன் நான் அந்த யானையைத்தான் தேடுவேன்.

அதற்கு ஒரு கதையும் உண்டு. 1911இல் அச்சான ரூபாயில் துதிக்கை குட்டையாகவும் கால்கள் கட்டையாகவும் விழுந்துவிட்டன. யானை என்று சொன்னால்தான் யானை, சொல்லாவிட்டால் பன்றி. முஸ்லிம்களிடையே மனத்தாங்கல் எழுந்ததும் அரசு வெளியீட்டை நிறுத்தியது. அச்சானவற்றில் பெரும்பகுதி மறுபடியும் உலைக்கே போயிற்று. 1912இல் துதிக்கையை நீட்டி, காதைத் துலக்கிப் புதிய அச்சு வந்தது. தப்பிப் பிழைத்த பழையதைச் சேகரிப்பவர்கள் ‘பன்றி ரூபாய்’ என்கிறார்கள். மன்னர் உருவை வடித்த பெர்ட்ரம் மெக்கென்னல் பேர்பெற்ற ஆஸ்திரேலியச் சிற்பி. கண்ணிமை, மீசை நுனி என்று அவர் எடுத்த சிரத்தையெல்லாம் இருக்க, ஊர் வாயில் நின்றது அந்த விலங்கு ஒன்றுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கைமாறிக் கைமாறித் தேய்ந்த 1918 ரூபாயை எடுத்துப் பாருங்கள்: திருத்திய யானையும் துதிக்கையை இழந்து பன்றியாகவே நிற்கும்.

தேய்மானத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மேடான இடம்தான் முதலில் போகும். புருவம், காதின் மடல், தாடியின் புடைத்த பகுதி இவை முதலில் மழுங்கும். பிறகு கிரீடத்து மணிகள் ஒன்றோடொன்று கலந்து பட்டையாகும். அங்கியின் பூவேலை கரைந்து வழவழப்பாகும். எழுத்துகளும் ஆண்டும் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். ஆண்டு பளிச்சென்று தெரிவதை வைத்து ‘நல்ல நாணயம்’ என்று விலை சொல்பவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சந்தையில் ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், அன்சர்குலேட்டட் என்று படி வைத்திருக்கிறார்கள். எழுபது புள்ளி அளவுகோலும் இருக்கிறது. எனக்கு யானையின் துதிக்கையும் காதும் தனித்தனியாகத் தெரிந்தால் போதும், மேல்படி என்று எடுத்து வைப்பேன்.

அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது: அச்சின் ஒளி. அச்சு அழுந்தும்போது வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அந்த நகர்வு கண்ணுக்கு எட்டாத நுண்கோடுகளாகப் பரப்பில் தங்கிவிடுகிறது. புதுக் கருக்கு அழியாத ரூபாயை விரல்களில் பிடித்து மெல்லத் திருப்பினால் ஒளி இரு கதிர்களாகப் பிரிந்து வட்டமாகச் சுழலும். இந்தச் சுழற்சிக்குத்தான் பணம். விபூதி போட்டுத் தேய்த்த ரூபாயும் பளபளக்கத்தான் செய்யும், ஆனால் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே வெள்ளை. உருப்பெருக்கியில் பார்த்தால் மன்னரின் கன்னமெங்கும் கீறல்கள். குத்துவிளக்குக்கு ஆகும் வைத்தியம் நாணயத்துக்கு ஆகாது. கந்தகம் பட்டு வெளிர்மஞ்சளாகி, செம்பழுப்பாகி, ஓரத்தில் நீலம் ஓடிய ரூபாயை ‘அழுக்கு’ என்று துலக்குபவர் ஒரே தேய்ப்பில் விலையில் பெரும்பகுதியைக் கழுவி விடுகிறார். நேர்மையாகத் தேய்ந்த ரூபாயை நான் வாங்குவேன். விளக்கியதை வாங்க மாட்டேன்.

பற்றவைத்த தடம் இன்னொரு வில்லங்கம். காசுமாலைக்காகக் காது வைத்துப் பிறகு பிடுங்கியிருப்பார்கள். மேல் விளிம்பில் ஈயமோ சாம்பல் நிறமோ தட்டுப்படும். விக்டோரியா ரூபாய்களில் இது அதிகம். அரசியின் சட்டையில் இந்தியப் பாணிப் பூத்தையல் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும், கிரீடத்துக்கு மேலே அந்த வடு இருந்தால் கதை முடிந்தது.

எடை பார்ப்பது எளிது: 180 கிரெயின், அதாவது 11.66 கிராம், ஒரு தோலா. நாட்டு வைத்தியர்கள் ‘ரூபாய் எடை’ என்று சரக்கு நிறுத்தது இதை வைத்துத்தான். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி என்பதால், உருக்கினால் 10.69 கிராம் கிடைக்கும். இந்த வகை ரூபாய் எதற்கும் அடிவிலை அந்த வெள்ளியின் விலை. 1918 ரூபாய் பெரும்பாலும் அந்த அடியிலேயே கிடக்கும். போர்க்கால வெள்ளிப் பஞ்சத்துக்காக அமெரிக்கா சுமார் 26 கோடி டாலர் நாணயங்களை உருக்கி இந்தியாவுக்கென்று விற்றது. அந்த ஒரே ஆண்டில் பம்பாயும் கல்கத்தாவும் சேர்ந்து நாற்பது கோடிக்கு மேல் ரூபாய் அடித்துத் தள்ளின. இத்தனை மலிந்ததற்கு ஒளி சுழன்றால்தான் மதிப்பு. 1911க்கு அந்தக் கண்டிப்பு இல்லை. நடுத்தரமாகத் தேய்ந்திருந்தாலும் வாங்க ஆள் உண்டு.

எந்த ஊர் அச்சு என்று அறிய நாணயத்தைத் திருப்ப வேண்டும். ரோஜாவும் முட்செடிப் பூவும் மூவிலையும் தாமரையுமாகச் சுற்றிய வளையத்தில், கீழே இருக்கும் தாமரைக்கு அடியில் ஒரு புள்ளி புடைத்திருந்தால் பம்பாய், இல்லையென்றால் கல்கத்தா. சாதாரண 1918க்குப் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடைக்காரர் தருவது ஏறக்குறைய ஒரே விலைதான். ஆனாலும் திருப்பிப் பார்க்காமல் கீழே வைக்க மனம் வருவதில்லை.