அர்ஜென்டினாவில் கைமாறிய பள்ளிகள்

ஆட்சி மக்களை நெருங்கினால் கல்வி தானே தழைக்கும் என்பது பலரும் ஆராயாது ஏற்றுக்கொண்ட கருத்து. அதனை அர்ஜென்டினா நாட்டு உயர்நிலைப் பள்ளிகளைக் கொண்டு சோதித்த ஓர் ஆய்வுரையைப் படித்தோம். கலியானி, கெர்ட்லர், ஷார்க்ரோட்ஸ்கி ஆகிய மூவர் எழுதி 2008-இல் வெளிவந்தது அது.

அந்நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் 1978-இல், இராணுவ ஆட்சியின்போதே மாகாணங்களிடம் விடப்பட்டன. மைய அரசிடம் எஞ்சியிருந்த உயர்நிலைப் பள்ளிகள் 1992 முதல் 1994-க்குள் மாகாணம் மாகாணமாகக் கைமாறின. முன்பிருந்தே மாகாண நிருவாகத்தில் இயங்கிய உயர்நிலைப் பள்ளிகளும் உண்டு. இவ்விருவகைப் பள்ளி மாணவரின் தேர்வு மதிப்பெண்களை ஒப்பிட்டே ஆய்வாளர் தம் முடிவை நிறுவுகின்றனர். முறையில் நாம் குறைகாண இடமில்லை. முடிவோ கசப்பானது. சராசரி மதிப்பெண் உயர்ந்தது. ஏழைகளுக்கு அவ்வுயர்வு எட்டவில்லை. சராசரி என்னும் ஒரு சொல் எத்தனை பிள்ளைகளை மறைத்துவிடுகிறது!

காரணம் கூறுமிடத்தில்தான் நாம் அவர்களோடு முழுதும் உடன்பட இயலவில்லை. தம் தேவையை எடுத்துரைத்துப் பெறும் குரல் ஏழைச் சமூகங்களுக்கு இல்லை என்பதையே அவர்கள் முன்னிறுத்துகின்றனர். மாகாணங்களின் நிருவாகத் திறனையும் எண்ணாமலில்லை. ஆயினும் பொருளைப் பற்றி இன்னும் அழுத்திப் பேசியிருக்க வேண்டும். நம் முன்னோர் ஒரு மதரஸாவை வக்ஃபு செய்தால், உஸ்தாதின் சம்பளத்துக்கும் விளக்கெரிக்கும் எண்ணெய்க்குமாக ஒரு வயலையோ தோப்பையோ சேர்த்தே எழுதிவைப்பர். அர்ஜென்டினாவிலோ பள்ளி வந்தது, வயல் வரவில்லை. தனி நிதி எதுவும் உடன் தரப்படவில்லை. வளர்ந்துவரும் வரிப் பங்கிலிருந்து செலவைப் பார்த்துக்கொள்ளுமாறு மாகாணங்களுக்குச் சொல்லப்பட்டது. வளமிக்க மாகாணம் தாங்கிற்று. வறிய மாகாணம் தள்ளாடிற்று.

குரல் எழாமலா போயிற்று? 1997 ஏப்ரலில் பியூனஸ் அயர்ஸ் நகரில், நாடாளுமன்றத்தின் எதிரே ஆசிரியர்கள் வெள்ளைக் கூடாரம் அடித்து, முறைவைத்து உண்ணாவிரதம் இருந்தனர். கல்விக்கு நிலையான நிதி வேண்டுமென்பதே அவர்தம் கோரிக்கை. 1003 நாள்களுக்குப் பின், 1999 டிசம்பரில்தான் கூடாரம் கலைந்தது. மாகாணத்திடம் ஒப்படைக்கப்பட்ட பள்ளியின் ஆசிரியர், ஊதியத்துக்காகத் தலைநகர் வாயிலில் பசித்திருந்தார்!

ஆசிரியர் குரல் வேறு, ஏழைப் பெற்றோரின் குரல் வேறு என ஆய்வாளர் மறுக்கலாம். மறுக்கட்டும். கேட்கும் செவியிருந்தும் கொடுக்கக் கையில் பொருளில்லாத மாகாணத்தில், அப்பெற்றோர் எவரிடம் போய் முறையிடுவர்?