தேனிரும்புச் சட்டை

கைவினைக் கத்திச் சந்தையில் சில காலமாக ஒரு மோகம். பழைய கப்பலின் நங்கூரச் சங்கிலி, இடித்த பாலத்தின் கம்பி, குதிரைவண்டிச் சக்கரத்தின் பட்டா என்று எங்கெங்கோ கிடைக்கும், கரிமம் ஏறக்குறைய இல்லாத தேனிரும்பை இரண்டு பக்கமும் சட்டை போல வைத்து, நடுவில் கரிமம் மிகுந்த எஃகைச் செருகி, உலையில் ஒட்டி அடித்த கத்திகள். அடித்து முடித்ததும் அமிலத்தில் முக்குகிறார்கள். தேனிரும்புக்குள் இழை இழையாக ஓடும் கசடு மரத்தின் ரேகை போலப் பரப்பெங்கும் தெரிகிறது. அந்த ரேகைக்குத்தான் விலை.

அந்தக் காலத்தில் இப்படித்தான் அடித்தார்கள், மெத்தென்ற இரும்பு கடினமான எஃகை உடையாமல் காக்கிறது என்று இதற்கு வக்காலத்து வாங்குகிறார்கள். மரபு உண்மைதான். இங்கிலாந்தின் யார்க் நகரில் காப்பர்கேட் அகழாய்வில் கிடைத்த பழங்கத்திகளில் எஃகு விளிம்பை இரும்பு முதுகோடு ஒட்டியவை நிறைய. ஜப்பானின் சகாய் நகரத்தில் யானகிபா, தேபா போன்ற ஒருபக்கச் சாணைக் கத்திகளை இன்றும் பெரும்பாலும் இந்த முறையில்தான் அடிக்கிறார்கள். அகலமான சரிவு முழுவதும் கடின எஃகாக இருந்தால் தீட்டுபவரின் கை ஓய்ந்துபோகும். பெரும்பகுதி மெத்தென்ற இரும்பாக இருப்பதால் கல் எளிதில் கடிக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் சகாய்க் கொல்லர்கள் இன்று முதுகுக்கு வைப்பது பெரும்பாலும் ஆலையில் உருட்டிய, கரிமம் மிகக் குறைந்த மென்னெஃகு. பழைய இரும்பைத் தேடிப் போகிறவர்கள் ஜப்பானில் பெரும்பாலும் இழைப்புளி, உளி செய்பவர்கள்தான். அவை தடித்த கருவிகள்.

பழையவர்கள் இரும்போடு எஃகை ஒட்டியதற்குச் சிக்கனமே முதல் காரணம். இரும்பைக் கரியோடு புதைத்து நாட்கணக்கில் வேகவைத்து எஃகாக்கிய காலத்தில் எஃகு அரிய பண்டம், இரும்பு மலிவு. 1856-இல் எஃகு காய்ச்சும் பெஸ்ஸமர் முறை வந்தபின் அந்தக் கணக்கு தலைகீழானது. இங்கிலாந்தின் போல்ட்டன் நகரில் தாமஸ் வாம்ஸ்லி நிறுவனத்தின் அட்லஸ் ஆலை 1973-இல் மூடப்பட்டதோடு தேனிரும்பை வணிக அளவில் காய்ச்சும் தொழிலே முடிந்துபோனது. அதே 1973-இல்தான் பில் மோரன் என்ற அமெரிக்கக் கொல்லர் தாம் அடுக்கடுக்காக ஒட்டி ரேகை எழுப்பிய டமாஸ்கஸ் கத்திகளைக் கண்காட்சியில் வைத்தார். ரேகை மோகம் அங்கே பற்றிக்கொண்டது. இப்போது எஃகு மலிவு, தேனிரும்பு அரிது. மலிவான சரக்கைக் காட்சிக்குப் பின்னே தள்ளி, அரிய சரக்கை மேலே போர்த்துவதை மரபு என்று எப்படிச் சொல்வது?

இது போகட்டும். என் நெடுநாள் ஆட்சேபம் சூடு பற்றியது. தேனிரும்பு கேட்கும் சூடு ஒன்று, எஃகு தாங்கும் சூடு ஒன்று. தேனிரும்பின் எடையில் ஒன்று முதல் மூன்று சதவீதம் வரை சிலிகேட் கசடு கலந்திருக்கும். வெள்ளைச் சூட்டில், ஏறத்தாழ 1,300 டிகிரி செல்சியஸில், அந்தக் கசடு குழைந்து இரும்போடு நெளியும். ஒட்டுக்குத் தானே இளக்கியாகவும் உதவும். சூடு இறங்கியபின் அடித்தால் இழை பிரிந்து பிளக்கும். ஒரு சதவீதக் கரிமம் உள்ள எஃகோ 1,200 டிகிரியைத் தாண்டினாலே கெடத் தொடங்குகிறது. பொறி சிந்தும், எஃகின் நுண்படிகக் குருணைகளின் எல்லை வழியே ஆக்சிஜன் நுழையும். அப்படிக் கருகிய எஃகை எந்த வைத்தியமும் மீட்காது.

ஆக, கொல்லர் ஒரு பக்கம் சாய வேண்டியிருக்கிறது. வெண்காரம் தூவிக் குறைந்த சூட்டில் ஒட்டினால் எஃகு பிழைக்கும். தேனிரும்பு மெலிந்த இடங்களில் கீறல் விடும். கீறல் விட்ட கத்தியை யாரும் வாங்கமாட்டார்கள். சூட்டை ஏற்றி ஒட்டி, உள்ளே எஃகு கெட்டுப்போன கத்தியையோ விற்கலாம். கைப்பிடி போட்டு, எண்ணெய் தடவி, படம் எடுத்து, பரிசுக்கும் அனுப்பலாம். நடுவர் கண்ணுக்கு ரேகைதான் தெரியும்.

கருகாமல் தப்பினாலும் கரிமம் கசிகிறது. ஒட்டும் சூட்டில் எஃகிலுள்ள கரிமம், கரிமம் ஏறக்குறைய இல்லாத இரும்புக்குள் ஊர்கிறது. சில நிமிடங்களிலேயே மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு ஆழம் போய்விடும். கோடரிக்கு அது பொருட்டல்ல. சமையல் கத்தியின் நடு எஃகு அடித்து மெலிந்தபின் ஒரு மில்லிமீட்டர் கனம் இருந்தால் அதிகம். இரண்டு பக்கமும் கசிந்து, ஒவ்வொரு சூட்டுக்கும் கசிவு கூடினால், வெட்டுகிற விளிம்புக்கு என்ன மிஞ்சும்? இதில் வேடிக்கை, அந்தக் கசிவு விழுந்த இடம் அமிலத்தில் கருங்கோடாகத் தெரிகிறது. அதையும் தனி அழகென்று காட்டி விற்கிறார்கள். எஃகு இழந்த கரிமத்தின் தடம் அது.

தேர்ந்த கொல்லர்கள் இடையில் நிக்கல் தகடு வைத்துக் கசிவைத் தடுக்கிறார்களே, சூடாக்கி ஆறவிடுவதைத் திரும்பத் திரும்பச் செய்து, மிஞ்சிய சூட்டில் பெருத்த குருணையைச் சிறிதாக்குகிறார்களே என்பார்கள். செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒற்றை எஃகில் அடித்திருந்தால் முளைத்தே இருக்காத சிக்கல்களுக்கான வைத்தியம் இவை. எஃகை உடையாமல் காக்கும் பேச்சும் அப்படித்தான். சமையல் கத்தியில் விளிம்புதான் பல் உடைகிறது, அதுவும் இரும்பு எட்டாத கடைசிச் சில மில்லிமீட்டரில். நடுவில் முறிவதை இரும்பு தடுக்கும், சரி. வெங்காயம் நறுக்கும் கத்தி எப்போது நடுவில் முறிந்தது? வளைந்தால் வளைந்தபடியே நிற்கும் என்பதுதான் கண்ட பலன்.

நம்மவர்களில் சிலர் இந்த ரேகைக் கத்திகளின் படங்களைப் பார்த்து நம் ஊர் எஃகு என்று மார்தட்டுகிறார்கள். தென்னிந்தியாவிலிருந்து மேற்காசியாவுக்குப் போன ஊட்ஸ் எஃகு வேறு வகை. அதில் எதையும் எதோடும் ஒட்டுவதில்லை. மூசையில் உருக்கிய எஃகை அடிக்க அடிக்க அதற்குள்ளேயே கார்பைடு பட்டைகளாகத் திரண்டு ரேகை தருகிறது. வனேடியம் போன்ற சிறு கலப்புகளே அதற்குக் காரணம் என்று உலோகவியலாளர் வெர்ஹோவனும் கொல்லர் பென்ட்ரேயும் 1990களில் காட்டினார்கள். அந்த ரேகை எஃகுடையது. சட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பில் மோரன் முன்னின்று 1976-இல் தொடங்கிய அமெரிக்கக் கத்திக்கொல்லர் சங்கத்தின் செயல்தேர்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. தொங்கும் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். மரக்கட்டையை வெட்ட வேண்டும். பிறகும் அதே விளிம்பு மயிரை மழிக்க வேண்டும். கடைசியில் 90 டிகிரி வளைக்கும்போது கத்தி முறியக்கூடாது. இவற்றில் ஒன்றுகூட ரேகையைப் பார்த்து மதிப்பிடுவதில்லை. ஆனால் தேனிரும்புச் சட்டைக்காரர்கள் கடைசித் தேர்வை மட்டும் பிடித்துக்கொண்டு, தங்கள் கத்தியை வளைத்துக் காட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் மெத்தென்ற இரும்பு இருந்தால் எது வளையாது?

எஃகின் பதம் தெரிய வேண்டுமென்றால் தோய்த்த துண்டை ஒடித்துப் பார்ப்பதுதான் கொல்லர்களின் பழைய வழி. ஒடிந்த முகம் மங்கிய சாம்பல் நிறத்தில் மழமழவென்று இருந்தால் குருணை நுண்மையானது. மணல்மணலாக மின்னினால் சூடு மிஞ்சிவிட்டது. சட்டை போட்ட கத்தி இதற்கும் ஒத்துழைக்காது. ஒடிக்கப் போனால் இரும்பு வளைந்து கொடுத்து எஃகை மறைத்துக்கொள்ளும். விற்பவர்கள் அதே தொகுதியில் அடித்த ஒரு கத்தியைக் குறுக்காக அறுத்து, மெருகேற்றி, நடு எஃகின் கடினத்தை ராக்வெல் எண்ணில் எழுதிக் காட்டட்டும். அவர்கள் வைக்கும் விலையில் ஒரு கத்தியை அறுக்கத் தாராளமாக இடமிருக்கிறது.